லிபுஷே உட்காராத முன்னறை

லிபுஷேக்குச் சொந்தமாக ஒரு பங்களா இருந்தது. அவள் குடியிருந்ததோ அதன் நிலவறையில். இதைக் கேட்டு யாராவது சிரித்தால், சிகாகோவுக்கு மேற்கே பெர்வினில் செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் ஜனங்கள் வாழும் தெருக்களை அவர்கள் பார்த்ததில்லை என்று அர்த்தம். அங்கே எல்லோரும் அப்படித்தான்.

பங்களா என்றதும் தோட்டமும் காவல்காரனும் இருக்கும் மாளிகையை நினைத்துவிட வேண்டாம். குறுகலான மனையில் நீளவாக்கில் கட்டிய செங்கல் வீடு, அவ்வளவுதான். 1925-இல் கட்டியவர் தெரு முழுவதற்கும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் வீட்டுக்கு வீடு மாற்றினார். முகப்புக்கு வழவழப்பான மஞ்சள் செங்கல், பக்கச் சுவருக்கு மலிவான சொரசொரப்புச் செங்கல். பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? தாழ்ந்த கூரைக்குக் கீழே தொந்திபோல முன்னால் தள்ளி நிற்கும் முன்னறை. அதன் ஜன்னல்களின் மேல்பாதியில் வண்ணக் கண்ணாடி. அதை அவரவர் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

லிபுஷே ஆரஞ்சு நிற டூலிப் பூக்களைத் தேர்ந்தெடுத்தாள். கணவர் ஓட்டகர் வெறும் கண்ணாடியே போதும் என்றார். தொலைபேசித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கம்பி சுற்றுகிறவருக்குப் பூ எதற்கு? இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. ஆனாலும் லிபுஷே சொன்னதுதான் நடந்தது. அந்த வீட்டில் எப்போதும் அதுதான் நடந்தது.

குடி வந்த வாரமே நிலவறையில் ஒரு பழைய அடுப்பு வைத்தாயிற்று. வாத்து வறுப்பது, முட்டைக்கோஸ் வேகவைப்பது, துணி துவைப்பது, சீட்டு ஆடுவது, சண்டை போடுவது எல்லாம் கீழே. வருவதும் போவதும் பக்கக் கதவு வழியாக. மேலே தூங்க மட்டும் போவார்கள், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. மேல் சமையலறையில் வெள்ளைப் பீங்கான் பூச்சுப் போட்ட புது அடுப்பு நின்றது. ஒரு நாளும் பற்றவைக்காமல், சனிக்கிழமை தவறாமல் துடைத்தாள். முன்னறைச் சோபாவுக்கு வெள்ளை உறை. முன்கதவு டாக்டருக்கும் சவப்பெட்டிக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீட்டு ஹெட்விகா முன்னறை நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்து, "இன்னும் புதுசாவே வெச்சிருக்கியேடி" என்பாள். மறுநாள் லிபுஷே போய் ஹெட்விகாவின் முன்னறையை எட்டிப் பார்த்து அதையே சொல்லிவிட்டு வருவாள். முப்பது வருஷம் இந்தப் போட்டியில் இருவருமே தோற்கவில்லை.

ஓட்டகர் ஓய்வு பெற்ற வருஷம், குளிர்காலம் வருமுன் ஜன்னலுக்குக் குளிர் தடுக்கும் வெளிக்கண்ணாடி மாட்ட ஏணியில் ஏறினார். கண்ணாடி பிழைத்தது. ஓட்டகரின் இடுப்பெலும்பு பிழைக்கவில்லை.

"இனிமே படிக்கட்டு கூடாது. எறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. இதயமும் சரியில்ல, மனசுல வெச்சுக்கோங்க" என்றார் டாக்டர். நல்லவேளையாக முன்கதவு வழியாகத்தான் வந்திருந்தார்.

நிலவறைப் படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை. ஆக ஓட்டகர் மேலே, லிபுஷே கீழே என்று ஆனது. சூப்பை ஏந்திக்கொண்டு ஏறுவாள். அவர் குடித்து முடிக்கும்வரை படுக்கையறையில் நின்றுவிட்டுக் கிண்ணத்தோடு இறங்கிவிடுவாள். கீழே வேலை கிடக்கிறதே. வெப்பக்காற்று வரும் தரைக் கம்பி வலை வழியாக மேலிருந்து குரல் வரும்.

"லிபா, என்ன வறுக்கற? வாசனை வருது, ஆளக் காணோம்."

"வெங்காயம். சும்மா படு."

"தனியா எவ்வளவு நேரந்தான் படுக்கறது? நானும் கீழயே வந்துடறேனே."

"வந்து செத்துப் போ."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மேலே சமைத்தால் திரைச்சீலையில் வாசனை ஏறும், கண்ணாடியில் பிசுக்குப் படியும். சமைக்காவிட்டால் மனுஷர் தனியாகக் கிடப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம் ஓட்டினாள்.

ஒரு மதியம் காய்ந்த துணியை அடுக்கிவைக்க மேலே வந்தவள், படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறினாள். ஓட்டகர் முன்னறையில் இருந்தார். சமையலறை முக்காலியை எப்படியோ இழுத்து வந்து, கம்பளத்தின் மேல் படாமல் ஓரமாகப் போட்டு, காலுறையோடு, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வெள்ளை உறை போட்ட சோபா. அதன்மேல் ஆரஞ்சு நிற வெயில்.

"மூணு மணிக்கு இங்க வெயில் வருது, உனக்குத் தெரியுமா?" என்றார். "உன்னோட பூவெல்லாம் சோபாவுல வந்து உக்காந்துக்குது."

லிபுஷேக்குத் தெரியாது. மூன்று மணிக்கு அவள் என்றுமே மேலே இருந்ததில்லை.

"அந்த முக்காலியில எதுக்கு உக்காந்திருக்க? இடுப்பு வலிக்காதா? சோபாவுலயே உக்காரலாம்ல?"

"உன்னக் கேக்காமலா?"

கேலியாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். அவர் கேலியாகச் சொல்லவில்லை. லிபுஷேக்கு முகம் எரிந்தது. இவர் சம்பாதித்த வீடு இது, இதில் இவரை விருந்தாளியாகக்கூட வைத்திருக்கவில்லையே என்று தன்மேல் கோபம் வந்தது. உறையை உருவி எறிந்தாள். அவரைத் தூக்கிப் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்தாள். நேரே சமையலறைக்குப் போய் வெள்ளை அடுப்பின் குமிழைத் திருகித் தீக்குச்சியைக் கிழித்தாள். பற்றவில்லை. இன்னொரு குச்சி. விரல்தான் சுட்டது.

மறுநாள் எரிவாயுக் கம்பெனி ஆள் அடுப்புக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்து, வெளியே வந்து தும்மினான்.

"ஏம்மா, எத்தன வருஷமா எரியல?"

"எரிஞ்சதே இல்ல."

"எப்படி எரியும்? குழாயே மாட்டலையே. சும்மா சுவரோட ஒட்டித் தள்ளி வெச்சிருக்காங்க."

முன்னறையிலிருந்து ஓட்டகர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. "நீ துடைச்ச துடைப்புக்கு அது குழாயில்லாமலே எரிஞ்சிருக்கணும் லிபா" என்றார். லிபுஷேயும் சிரித்தாள். வேறென்ன செய்வாள், முப்பது வருஷச் சனிக்கிழமையை யாரிடம் திருப்பிக் கேட்பது?

குழாய் மாட்டிய அன்றே வெங்காயம் மேலே வதங்கியது. புகை போக முன்கதவைத் திறந்துவைத்தாள். ஹெட்விகா கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"யாருடி செத்தது?"

"யாரும் சாகல. சாப்பாட்டு நேரம்."

"மேலயா சமைக்கற? ஐயையோ, கண்ணாடியெல்லாம் பிசுக்கு ஏறிடும்டி."

"ஏறட்டும். சோப்பு எதுக்கு இருக்கு?"

வெறும் வாயை மெல்லும் தெருவுக்கு அவல் கிடைத்தது. லிபுஷே கவலைப்படவில்லை. வாத்துக்கறியும் மாவு உருண்டையும் மடியிலேயே வைத்துத் தின்றார்கள். சோபாவில் குழம்பு சிந்தியது. சீட்டாட்டத்தில் ஓட்டகர் ஏமாற்றினார், அவள் கத்தினாள், வெயில் அவர் கையிலிருந்து அவள் கைக்கு நகர்ந்தது. இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. மூன்றாவது வருவதற்குள் ஓட்டகரின் இதயம் நின்றுவிட்டது. அந்த வீட்டில் தாங்கள் வாழ்ந்தது அந்த இரண்டு குளிர்காலம்தான், மற்றதெல்லாம் காவல் காத்தது என்று லிபுஷே பின்னாளில் யாரிடம் வேண்டுமானாலும் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள்.

அடக்கம் முடிந்த வாரம் ஹெட்விகா ஆறுதல் சொல்ல வந்தாள். கறை படிந்த சோபாவைப் பார்த்தாள்.

"இனிமே நீ ஒருத்திதான? உறையைப் போட்டு மூடிட்டுக் கீழ போயிடு. மேல பழையபடி சுத்தமா இருக்கும்."

லிபுஷே எழுந்தாள், வாசலில் இறங்கினாள், மழை பெய்து சேறாகிக் கிடந்த புல்தரையைக் குறுக்கே கடந்து ஹெட்விகாவின் முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே ஹெட்விகா, "செருப்பு, செருப்பு" என்று ஓடிவந்தாள். லிபுஷே கம்பளத்தை மிதித்துப் போய் உறை போட்ட சோபாவின் நட்ட நடுவில் உட்கார்ந்தாள்.

"உன் வீட்டுக்காரன் எங்க?"

"கீழ. செய்தித்தாள் படிக்கறான்."

"வோய்தா!" என்று தரைக் கம்பி வலையைப் பார்த்துக் கத்தினாள் லிபுஷே. "மேல வா!"

வோய்தா படியேறி வந்தார். முன்னறைக் கதவுக்கு வெளியே காலுறையோடு நின்று, லிபுஷேயைப் பார்த்தார், சேற்றுத் தடத்தைப் பார்த்தார், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. லிபுஷே சோபாவில் தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அவர் அப்போதும் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்விகா குனிந்து கம்பளத்துச் சேற்றைக் கையால் தொட்டாள், நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"கையில பேப்பர் மை இருக்கும். கழுவிட்டு வந்து உக்காரு" என்றாள்.