பாவுத் தெருவில் நின்ற வேன்: ஆரணியிலிருந்து அரிச்சல்முனை வரை

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை மணி. ஆரணி.

வேனைக் கிளப்பியபோது தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் வண்டி ஓட்டப் பழகிய மல்லிகா இந்தச் சந்தில் எப்படித் திருப்புகிறாள் என்று பார்க்க வந்த கூட்டம் அது. எதிர்வீட்டு மின்கம்பத்தில் ஒருமுறை உரசியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. இன்றைக்கு ஒரே மூச்சில் திருப்பிவிட்டேன். கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர் சேகர், மடியில் தமிழில் அச்சான சாலை வரைபடப் புத்தகத்தோடு. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து இறக்கி, புதுப்பை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவரால் ஸ்டியரிங் பின்னால் உட்கார முடியாது. அதனால்தான் ஓட்டுவது நான், வழி சொல்வது அவர், சண்டை போடுவது இருவரும்.

பை மாற்றுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும். தூசு, காற்று, மின்விசிறி எதுவும் கூடாது. லாட்ஜ் அறைகளை நம்ப முடியாமல் இரண்டு வருடமாக ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை. மனுஷனுக்கோ ஸ்ரீநகர் வரை சாலையிலேயே போக வேண்டும் என்று ஆசை. வீட்டிலேயே உட்கார்ந்து புத்தகத்தில் பென்சிலால் வழி போட்டுப் போட்டு நாக்பூர் பக்கம் கிழிந்தேவிட்டது. கடைசியில் செய்யாறு தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய வேனை வாங்கினோம். பாஷா பாய் பட்டறையில் இருக்கைகளைப் பிடுங்கி, கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து, கூரையில் பை மாட்ட ஒரு கொக்கியும் அடித்துக் கொடுத்தார்.

"நீயே தொங்கினாலும் தாங்கும்ணே, அவ்ளோ ஸ்ட்ராங்கா கீது" என்றார் பாஷா பாய்.

வேலூர் டாக்டர் சொன்னது ஒன்றுதான். முதலில் பக்கத்தில் நாலு நாள் போய்வாருங்கள். இறக்குகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் அடுத்ததைப் பேசலாம். கலங்கினால் வயிற்றில் கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது முற்றினால் குழாயை எடுத்துவிட்டு வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரி மெஷினில் படுக்க வேண்டியதுதான். அப்புறம் ஸ்ரீநகராவது, போளூராவது!

தெளிவைப் பார்க்க நர்ஸ் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். இறக்கிய பையை அச்செழுத்தின் மேல் வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும். எல்லோரும் செய்தித்தாள் வைப்பார்கள். இவர் வரைபடத்தை வைப்பார்.

போளூரில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் கை காட்டி வேனை நிறுத்தினாள். கண்ணாடியில் பழைய கம்பெனி ஸ்டிக்கரின் தடம் இன்னும் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தவள், "இன்னாக்கா, கம்பெனி வண்டில கட்டில்லாம் போட்டுக்கினு போறீங்க?" என்றாள். நைட் ஷிப்டுக்கு என்றேன். சிரித்துக்கொண்டே விலகி வழிவிட்டாள்.

திருவண்ணாமலை, விழுப்புரம் வரை நல்ல சாலை. பண்ருட்டிக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மதியப் பையை மாற்றினோம். வெளியே பலாச்சுளை, தட்டு ஐம்பது ரூபாய். அவருக்கு ஆகாது. "வாசனைக்குக் காசு கேக்க மாட்டாங்கல்ல?" என்று கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி மூக்கை வைத்துக்கொண்டார். நான் வாங்கிய தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். கும்பகோணம் சாலையில் சில இடங்களில் வேலை நடக்கிறது, மெதுவாகத்தான் போக முடியும்.

வெள்ளி, மாலை. திருபுவனம். அன்றைய ஓட்டம் சுமார் இருநூற்றைம்பது கிலோமீட்டர்.

நம் ஊர்ப் பக்கம் வேனில் தங்குவதற்கென்று மைதானம் கிடையாது. இடத்தை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். இவர் செல்போனில் மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு மாதம் தேடியிருந்தார். நேரான தெரு, மேடு பள்ளம் இல்லை, இருபுறமும் மரம், லாரி வராது, காற்று அடிக்காது. நர்ஸ் கேட்டதெல்லாம் ஒரே தெருவில்! நேரில் பார்த்தால் படத்தைவிட அழகு. வாசலில் நின்ற ராஜலட்சுமி என்ற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "தாராளமா நிறுத்துங்கக்கா. பாத்ரூம் வேணும்னா கதவைத் தட்டுங்க" என்றாள்.

சனி, விடிந்தும் விடியாததுமாக.

அவர் பையைக் கொக்கியில் மாட்டி, தண்ணீர் பாதி உள்ளே இறங்கியிருந்தது. நான் திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் சுருட்டிய பட்டுப் பாவு. யாரும் பேசவில்லை.

எனக்குச் சுரீரென்றது. தறியில் ஏற்றும் முன் நீள நூல்களைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சீர்செய்வதுதான் பாவு போடுவது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். நேரான, நிழலான, காற்றில்லாத தெருவை அதற்காகத்தானே ஒரு ஊர் வைத்திருக்கும்? எங்கள் வீட்டிலும் மகன் பொறுப்பில் இரண்டு தறி ஓடுகிறது. எங்கள் தெருவில் விடிகாலையில் கார் நிறுத்தியவர்களை இவர் ஏசாத ஏச்சா! அதே ஆள் ஊர் ஊராகத் தேடி, பாவுத் தெருவின் நட்ட நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நானும் ஆமாம் சாமி போட்டிருக்கிறேன். நெசவுக்காரக் கண்ணுக்கு அந்தத் தெரு பிடித்துப்போனதுதான் வினை.

கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகக் கேட்டேன்: "ஏன்மா, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"விடியறதுக்குள்ள கிளம்பிடுவீங்கன்னு நினைச்சேன்க்கா. சார் பை மாட்டியிருப்பாங்கன்னுதான், சத்தம் போட வேணாம்னு சொல்லி வெச்சேன்" என்றாள் ராஜலட்சுமி. "நீங்க முடிங்கக்கா. நாங்க நிக்கிறோம்."

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெயில் வந்துகினு இருக்குது மல்லி. பட்டுப் பாவு. நம்மால கெடக் கூடாது."

"வண்டியைக் கிளப்பினா ஆடும்ங்க. குழாய் இழுத்துச்சுன்னா?"

ராஜலட்சுமி புருஷனுக்கு அது காதில் விழுந்தது. "நீங்க கிளப்பவே வேணாம், ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க" என்றார். இவர் குழாயின் கிளிப்பை மூடி, ஒரு கையால் பையையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டார். பத்துப் பேர் வேனில் கை வைத்தார்கள். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி மெதுவாகத் தள்ளித் தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கொக்கியில் பை அசையக்கூட இல்லை. நான் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதேன். ஏன் என்று கேட்டால் அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

பையை முடித்ததும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி நேரே பாவிடம் போனார். பாரம் தூக்கக் கூடாது, நூல் முடியலாமே! அறுந்த இழைகளை விரல் நுனியில் திரித்துச் சேர்த்துக்கொண்டே நடந்தார். ஊர்க்கதை பேசினார், சிரித்தார். இரண்டு வருடமாக இந்த முகத்தை நான் பார்க்கவில்லை. "ஆரணிக் கை வேகம்தான்" என்றாள் ராஜலட்சுமி.

சனி, மதியம். பட்டுக்கோட்டை தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை.

ஒரு புளியமரத்தடியில் பையை இறக்கினோம். உள்ளே வெள்ளையாக ஏதோ மிதந்தது.

காலையில் தள்ளவிட்டேனே, பாவி நான். அவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எவன்டா என் வயித்துக்குள்ள பாவு போட்டவன்?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. நர்ஸுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "வெளிச்சத்துல பாருங்க. தண்ணியே கலங்கலா, இல்ல நூல் மாதிரி மிதக்குதா? வலி, ஜுரம்?" நூல் மாதிரிதான். வலியும் இல்லை, ஜுரமும் இல்லை. அது சில சமயம் வரும், அந்தப் பையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், அடுத்த பை கலங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

"திரும்பிடலாங்க" என்றேன்.

"பயமா இருக்குது மல்லி. எனக்கும்தான்" என்றார். இரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் முதல்முறையாகக் கேட்டேன். "ஆனா பெரிய ஆஸ்பத்திரி முன்னாலயும் இருக்குது, ராமநாதபுரத்துல. முன்னாலயே போ."

தொண்டி வழியாக ஓட்டினேன். கடல் இடதுபக்கம் வந்து வந்து போனது. ஒன்றும் மனதில் ஒட்டவில்லை.

சனி, மாலை. தேவிபட்டினம். கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளி, ஒரு மண்டபத்தின் காம்பவுண்டுக்குள் இருநூறு ரூபாய் கொடுத்து நிறுத்தினோம். இந்த முறை தெரு பக்கமே போகவில்லை. பை நிறைந்ததும் அவர் வரைபடத்தின் மேல் வைத்தார். நான் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டேன்.

"தேவிபட்டினம்" என்று படித்தார். பிறகு நிறுத்தி நிறுத்தி, "திருப்பாலைக்குடி. உப்பூர். தொண்டி." நாங்கள் வந்த வழியையே எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார். அதற்கப்புறம்தான் எனக்குப் பசித்தது.

ஞாயிறு. பாம்பன் பாலம் தாண்டி, ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் அரிச்சல்முனை. இருபுறமும் கடல், நடுவே சாலை, அப்புறம் சாலையும் முடிந்துபோகிறது. மணல் பறக்கிற காற்றில் பை மாற்றும் பேச்சே இல்லை. மாலைக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். இவர் வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் படாத தூரத்தில் நின்றார். "இதுக்கு மேல ரோடு இல்லியே, பேஜார்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, விடிகாலை. ஆரணி.

முந்தைய இரவுதான் வந்து சேர்ந்திருந்தோம். எங்கள் தெருவில் மகன் பாவு இழுக்க வந்தால், சேலை எடுக்க வந்த யாரோ நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார்கள். மகன் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினான்.

"டேய், இரு" என்று இவர் வாசலிலிருந்து அடக்கினார். "உள்ள யாராவது பை மாட்டிகினு இருக்காங்களான்னு மொதல்ல பாரு."

மத்தியானம் வேலூரில் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கிருமி எதுவும் இல்லை என்றார். சாயங்காலம் வீட்டில் பையை இறக்கியதும், இவர் கிழிந்த பக்கத்தைத் திறந்து பையை அதன் மேல் வைத்தார். இந்த முறை அவர் படிக்கவில்லை. என் பக்கம் நகர்த்தினார்.

"படி."

"நாக்பூர்."

"நல்லா பாத்துப் படி."

"நாக்பூர்தாங்க."

"அப்போ டீசல் போடு."