ஒரு தடவைதான் கேட்டார்

என் தம்பி பக்கீர் முகம்மது ஒரு நாளும் பேஸ்பால் ஆடியதில்லை. அந்த மட்டையை அவன் கையில் பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் நியூ ஜெர்சியில் அவன் இருக்கும் சின்ன ஊரின் டீம், தன் பழைய ஆட்டக்காரர்களையும் சம்பளமில்லாமல் உழைத்தவர்களையும் போன ஆகஸ்டில் கூப்பிட்டு மரியாதை செய்தபோது, அந்த வரிசையில் அவனும் நின்றான். அவனாக இதை யாரிடமும் சொல்ல மாட்டான். அதனால் அவன் ராத்தா, அதாவது அக்கா, நான் எழுதுகிறேன்.

பிரிட்ஜ்வாட்டர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போனவன். மைதானத்தை ஒட்டியிருந்ததால் விலை குறைந்த ஒரு வீட்டை வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் ஆடுவார்கள். குழாய் வேலை செய்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், வங்கிக்காரர் என்று எல்லாரும் வேலைக்குப் போகிற ஆட்கள். தப்பி வரும் பந்து வேலியைத் தாண்டி இவன் தோட்டத்தில் விழும். தம்பி பெண்சாதி ரஹ்மத் போட்டிருந்த புடலைப் பந்தலில் ஒன்று, துணி காயும் கொடியில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் பந்தைத் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்வார்கள். இவன் வாளியில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். அப்படிப் போனவன் ஒரு நாள் அங்கே மண் வாரிக்கொண்டிருந்த கிழவருக்குக் கை கொடுத்தான். அந்தக் கிழவர் போன பிறகு இவனே அந்த வேலையை எடுத்துக்கொண்டான்.

வேலை இதுதான். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பின்வேலிக் கதவைத் திறந்து போவான். ஆட்டக்காரர்கள் ஓடுகிற செம்மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து, இரும்பு வலையை இழுத்து மட்டமாக்குவான். பந்து எறிகிறவர் நிற்கும் மண்மேட்டைக் கொத்திச் சரி பண்ணுவான். கயிறு கட்டி, சின்னச் சக்கரம் வைத்த பெட்டியைத் தள்ளி, வெள்ளைக் கோடு போடுவான். ஆட்டம் முடிந்ததும் சாமான் ஷெட்டிலிருந்து தார்ப்பாயை எடுத்து மேட்டை மூடிவிட்டு வருவான். ஷெட் சாவி அவனிடமே இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் இதைச் செய்தான். ரஹ்மத் பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமலே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

ரஹ்மத் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு மகள் ஷஹீமா அவனை நாட்டின் மேற்குக் கோடியில் தான் இருக்கும் சான் ரமோனுக்குத் தன்னோடு அழைத்துப் போனாள். ஒரு மாதம் இருந்தான். "சீசன் ஆரம்பிக்கப் போவுதும்மா, கோடு போடணும்" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டான். அந்த வீட்டில் தனியாக இருக்க அவனிடம் இருந்த ஒரே காரணம் அந்தக் கோடுதான்.

நான் அதிராம்பட்டினத்திலிருந்து அவனைப் பார்க்கப் போனது போன ஜூன் மாதம். ஞாயிறு காலையில் அவன் மைதானத்துக்குப் போகவில்லை. டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். அந்தப் பக்கம் ஒரு கம்பெனி லாரியில் வந்த ஆள், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் அவங்க பாத்துக்கிறாங்க ராத்தா" என்றான். அவனுக்கு முந்தின வருஷம் மணிக்கட்டு ஒடிந்திருந்தது. ஓய்வு எடுக்கிறான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் அழைப்பு வந்தது. அவன் பேரை அச்சடித்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, தொங்கிய பித்தானை மாற்றித் தைத்து, காலரை இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டு வைத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"போக வேணாம்னு பாக்குறேன் ராத்தா."

"என்னடா பேச்சு இது? ஊரே கூடிக் கை தட்டப் போவுது!"

"கை தட்டிட்டு, ஷெட் சாவியை வாங்கிக்குவாங்க. அன்னிக்கே கொடுத்துடுங்கன்னு வாரன் சொல்லிட்டாரு." வாரன் என்பவர் டீமின் தலைவர். "அதோட முடிஞ்சுது. பழைய ஆளுங்கள்ல நானும் ஒரு ஆளு."

"நீதானே கை வலிக்குதுன்னு விட்டே?"

"நான் எங்கே விட்டேன்? மார்ச்ல வாரன் வந்தாரு. கை ஒடிஞ்சிருக்கே, இந்த வருஷம் வேற ஏற்பாடு பண்ணட்டுமா, இல்லே நீங்களே பண்றீங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிப் பண்ணுங்கன்னேன்."

"நானே பண்றேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மறுபடி கேப்பாருன்னு நெனச்சேன். அவரு ஒரு தடவதான் கேட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்போம். இரண்டாவது தடவை, எதுக்குச் சிரமம் என்போம். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவோம். முதல் தடவையிலேயே சரி என்றால், வீட்டுக்கு வந்ததும் உம்மா கிள்ளுவார்கள். இவன் அத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்த வேலையும் இல்லேன்னா இந்த வீட்டுல நான் என்ன பண்றது ராத்தா?" என்றான். நான் சட்டையை மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நான்தான் கட்டாயப்படுத்தினேன். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பேராகப் படித்தார்கள். பேர் வந்தவர் வீட்டு ஆட்களோடு நடந்துபோய் வெள்ளைக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். சக்கர நாற்காலியில் ஒரு பழைய ஆட்டக்காரரைப் பேரப்பிள்ளைகள் தள்ளி வந்தார்கள். சாப்பாட்டுக் கடையை நடத்திய அம்மா ஒருவருக்கு ஒரு பட்டாளமே கூட வந்தது. எங்கள் முறை வந்தபோது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கோட்டை மிதிக்காமல் தாண்டி நின்றான். என்னையும் பார்த்து வரச் சொன்னான்.

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் மனம் நிறைந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். வாரன் தம்பியின் பேர் பொறித்த பலகை ஒன்றைக் கொடுத்து, மைக்கை நீட்டி, ஏதாவது பேசுகிறீர்களா என்று கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, "நோ, நோ" என்றான்.

மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

அவன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். கழற்றிக் கொடுத்ததும் வாரன் நன்றி சொல்லி அதைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் பீட்ஸா கடைக்குக் கிளம்பினார்கள். ஒருவர் வந்து இவனையும் கூப்பிட்டார். "யூ ப்ளீஸ் கோ அஹெட்" என்றான். அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அத்தனை பெரிய மைதானத்தில் நாங்கள் இரண்டு பேரும் பலகையும் மிச்சம். மண்மேட்டை யாரும் மூடவில்லை. லாரிக்காரருக்கு ஞாயிறு மத்தியானம் வேலை இல்லை போலிருக்கிறது. மேற்கே மேகம் கறுத்து வந்தது. தம்பி அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தார்ப்பாய் ஷெட்டுக்குள் இருந்தது. ஷெட் பூட்டியிருந்தது.

அப்போது கௌசிக் தன் பையை எடுக்கத் திரும்பி வந்தான். டீமில் பந்து எறிகிற பையன், பெற்றோர் சென்னைக்காரர்கள். "அங்கிள், யூ ஓகே?" என்றான். தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மார்ச் மாதம் கேட்டது, இவன் சொன்னது, எல்லாம்.

கௌசிக் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஓ மை காட், மை மாம் டஸ் திஸ்! மூணு வாட்டி கேட்டாதான் காபி குடிப்பாங்க. ஆன்ட்டி, வாரனுக்கு எப்படித் தெரியும்? ஹி தாட் அங்கிள் வான்டட் அவுட்!"

"அந்த வாரன் இப்ப எங்கே?"

"பார்க்கிங் லாட்ல."

நான் தம்பியைப் பார்த்தேன். "இந்த ஊர்ல ஒரு தடவதான் கேப்பாங்க போல. ரெண்டாவது தடவ நீதான் போய்க் கேக்கணும்."

"எப்படி ராத்தா கேக்குறது? மரியாதை பண்ணிட்டாங்க. பலகையைக் கையில வெச்சுக்கிட்டு வேலை கொடுன்னா அசிங்கமா இருக்காதா?"

"பலகையை என்கிட்ட கொடு."

கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவன் நடந்தான், பாதியில் நின்றான், பிறகு மறுபடி நடந்தான். வாரன் காரைக் கிளப்பியிருந்தார், கண்ணாடியை இறக்கினார். தம்பி என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. கௌசிக் தூரத்திலிருந்தே உதட்டைப் பார்த்து, "ஹி ஆஸ்க்ட்" என்றான். வாரன் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். வெகுநேரம் பேசினார்கள்.

சாவியோடு திரும்பி வந்தான். அடுத்த வருஷத்துக்கும் அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாயிற்றாம். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது எல்லாம் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோடும் மேடும் மட்டும் இவனுக்கு. "அது போதும்" என்றான். தார்ப்பாயை எடுத்து வந்து மூன்று பேருமாக மூடினோம். மழை வந்துவிட்டது. கௌசிக் பீட்ஸாவுக்குப் போய்விட்டான். நாங்கள் பின்வேலி வழியாக வீட்டுக்கு வந்து, பருப்புத் தாளித்துச் சாப்பிட்டோம்.

செப்டம்பரில் நான் ஊர் திரும்பினேன். அந்தப் பனிக்காலம் முழுக்க அவன் போனில் சொன்னதெல்லாம் மைதானத்தில் எவ்வளவு பனி கிடக்கிறது என்பதுதான். வீட்டைப் பற்றிக் கேட்டால், "அப்படியேதான் இருக்கு" என்பான். ஷஹீமா மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். வரவில்லை என்று இந்தத் தடவை அவளிடம் நேராகவே சொல்லிவிட்டானாம்.

இந்த ஏப்ரலில் முதல் ஞாயிறு, வீடியோவில் கூப்பிட்டான். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. பின்னால் அவன் வீடு தெரிந்தது, ரஹ்மத் உட்காரும் படியும் தெரிந்தது. கோட்டைக் காட்டினான். பாதிதான் போட்டிருந்தான்.

யாரோ வரும் சத்தம் கேட்டது. வாரன்தான். சீக்கிரமாக வந்திருக்கிறார். "காபி?" என்று கேட்டார்.

"எஸ். தேங்க் யூ" என்றான் என் தம்பி, முதல் தடவையிலேயே.

போனை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுவிட்டான். படம் இருட்டாகிவிட்டது. வாரன் ஏதோ சொல்லிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் பேச்சுக் குரலே இல்லை. கோடு போடுகிற அந்தப் பெட்டியின் சின்னச் சக்கரம் மண்ணில் உருளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் அணைக்கவில்லை.