எங்கள் வாசலில் எரிந்த சிலுவை

சீமெண்ணெயில் ஊறிய சாக்குத்துணி பற்றிக்கொள்ளும்போது முதலில் குப்பென்று ஒரு வாடை வரும். தீ அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். அந்த வாடை எனக்கு இன்றைக்கும் ஆகாது. பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றால்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன், என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். போத்தனூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மார்கழி அந்தியில் என்ன எரிந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கை எஸ்தர் அத்தை, அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், பல வருஷம் கழித்து அந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்திருந்தார். என் அக்கா கிரேஸும் நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். அத்தை திரும்பிப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. அம்மா ஸ்வெட்டரும் ஊறுகாய் பாட்டிலுமாக வாங்கி அடுக்க ஆரம்பித்திருந்தாள். ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்த அக்கா விமானம் ஏறப்போகிறாள் என்பதில் எனக்குப் பெருமையும் அழுகையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

எங்கள் சபை வாலிபர்கள் டிசம்பரில் வீடு வீடாகப் பாட வருவதை 'கேரல் ரவுண்டு' என்போம். அந்த வருஷம் வாலிபர் தலைவராக இருந்த தாசண்ணன், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அத்தைக்குச் சற்று விசேஷமாகவே மரியாதை செய்ய வேண்டுமென்று நினைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு முன்னால் தீப்பந்தம் ஏந்தி வருவது அவருக்குச் செய்யும் கௌரவம். காரமடைத் தேர்த் திருவிழாவில் பந்தம் ஏந்தி ஆடுகிறவர்களை அவர் வருஷம் தவறாமல் கூட்டாளிகளோடு போய்ப் பார்த்து வருகிறவர். அதையே கொஞ்சம் நம் வேதத்துக்குத் தோதாக மாற்றினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. இரண்டு மூங்கிலைச் சிலுவையாகக் கட்டி, சாக்கைச் சுற்றி, சீமெண்ணெயை ஊற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு பந்தம் தயாரித்துவிட்டார். மற்றவர்களுக்குப் பெத்லகேம் மேய்ப்பர் வேஷம். வெள்ளைப் பெட்ஷீட், தலையில் வெள்ளை சார்ட் பேப்பரில் செய்த கூம்புக் குல்லாய், குளிருக்கு மூக்குவரை இழுத்துக் கட்டிய வெள்ளைத் துண்டு.

இருட்டத் தொடங்கிய நேரம். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தேன், அக்கா கேக் தட்டோடு பின்னால். அவர்கள் சத்தமில்லாமல் வரிசையாக வந்தார்கள். சிலுவையைக் கேட்டுக்கு வெளியே மண்ணில் நட்டு, தாசண்ணன் தீக்குச்சியைக் கிழித்தார்.

அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன். அத்தை என்னை இழுத்துத் தள்ளி, என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, "லைட்ட அணைங்கண்ணா! கதவச் சாத்துங்க! லைட்ட அணைங்க!" என்று கத்தினார். தட்டு விழுந்து கேக் மண்ணாயிற்று. வெளியே இருந்தவர்களோ அத்தை பக்திப் பரவசத்தில் விழுந்துவிட்டதாக நினைத்து உரக்கப் பாடத் தொடங்கினார்கள். அத்தையின் நெஞ்சு என் முதுகில் இடித்த இடி எனக்கு இன்னும் தெரிகிறது. பெரியவர்கள் அப்படிப் பயப்படுவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா ஓடிவந்து ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே கொட்டினார். புகைக்குள்ளே தாசண்ணன் துண்டை அவிழ்த்துவிட்டுத் திருதிருவென்று நின்றார். "ஏனுங்கய்யா, தப்பாப் போச்சுங்களா? அமெரிக்காவுல இருந்து வந்தவீங்கன்னு கொஞ்சம் பெருசாப் பண்ணிப்போட்டமுங்க" என்றார். பாவம், அவர் அழாத குறை.

அப்பா அத்தையை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். கொடுத்த காபி ஆறிப்போனபின், அத்தை யாரையும் பார்க்காமல் சொன்னார். அங்கே அவருடன் வேலை பார்த்த டோரத்தி என்ற கறுப்பின நர்ஸ், வெள்ளையர் மட்டும் குடியிருந்த தெருவில் வீடு வாங்கியிருக்கிறாள். ஒரு சாயங்காலம் அத்தை அங்கே சாப்பிடப் போனபோது, வாசல் புல்லில் சிலுவை எரிந்திருக்கிறது, சுற்றிலும் வெள்ளை முக்காடுகள்.

"நான் யாரோ சபைக்காரங்கன்னு நெனச்சுப்போட்டேன் அண்ணா. ஜன்னலத் தொறந்து கும்புட்டேன். சிரிச்சுட்டே கும்புட்டேன். டோரத்திதான் என்னயக் கீழ இழுத்துப் போட்டா."

அப்புறம் டோரத்தி சொன்னதையும் சொன்னார். கறுப்பர்களை மிரட்டி விரட்டுகிற வெள்ளையர் கூட்டமாம் அது. அவளுடைய அம்மா ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைத்தவள். அவர் போட்டுப் போகும் முக்காட்டைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்ததும் அவளேதான். "யாருதுன்னு தெரிஞ்சேதான் தொவைச்சாளாம். ஞாயித்துக்கெழம கோயில்ல முன்வரிசையில உக்கார்ற மனுசனாம்."

அன்றிலிருந்து எனக்கு வெள்ளைத்துணி ஆகாமல் போயிற்று. கொடியில் காயும் அப்பாவின் வேட்டி அசைந்தால் உள்ளே ஓடிவிடுவேன். கோயிலில் பாடகர் குழு வெள்ளை அங்கியோடு எழுந்து நிற்கும்போது அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லோரும் தெரிந்தவர்கள்தானா என்று சரிபார்த்துக்கொள்வேன். தெரிந்தவர்கள்தான் என்பது எந்த ஆறுதலையும் தரவில்லை. டோரத்தி ஊரிலும் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே? இரவில் அக்காவின் பாவாடை நுனியை என் விரலில் சுற்றிக்கொண்டு படுப்பேன். "போகாதக்கா" என்றால், "எல்லாரும் அப்பிடி இருக்க மாட்டாங்க கண்ணு, அத்தை இருக்கறாங்கல்ல?" என்பாள். பிப்ரவரியில் போய்விட்டாள்.

பிறகு, அந்த முக்காட்டுக்காரர்களைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன். படித்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன், கூடத்தான் செய்தது. அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காக நின்று தோற்ற சிப்பாய்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த கூட்டம் அது. விடுதலையான கறுப்பர்கள் ஓட்டுப் போடவும் பள்ளிக்கூடம் நடத்தவும் கூடாதென்று, முக்காடு போட்டுக் குதிரையில் போய் அடித்தும் கொன்றும் இருக்கிறார்கள். அரசாங்கம் ஒடுக்கியது. அரை நூற்றாண்டு கழித்து, லட்சக்கணக்கில் மறுபடி கிளம்பினார்கள். சிலுவையைக் கொளுத்தும் வழக்கம் அப்போதுதான் வந்தது. யூதர், கத்தோலிக்கர், வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர் எல்லோரும் அப்போது பட்டியலில் சேர்ந்தார்கள். மறுபடி அடங்கி, கறுப்பர்கள் சம உரிமை கேட்டபோது மறுபடி எழுந்து கறுப்பர்களின் கோயிலுக்கே குண்டு வைத்தார்கள். பிறகு தலையை மழித்துக்கொண்டு அடிதடிக்கு அலையும் வாலிபர்கள், காட்டில் துப்பாக்கிப் பயிற்சி எடுப்பவர்கள், கம்ப்யூட்டரில் கூடிப் பேசுகிறவர்கள் என்று பெயர் பெயராகப் பிரிந்தார்கள். செத்துப்போனது என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறது, அடுத்த பக்கத்தைப் புரட்டினால் உயிரோடு இருக்கிறது.

நம் ஊர் யோக்கியதை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. டீக்கடையில் ஒரு சாராருக்குத் தனி டம்ளர் வைத்தவர்களையும், கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனி மூலை ஒதுக்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் முக்காடு போட்டதில்லை. பட்டப்பகலில், வெள்ளை வேட்டி சட்டையில், சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள்.

இப்போது போத்தனூரில் கேரல் ரவுண்டு டெம்போவில் வருகிறது. சிலுவை எல்.இ.டி. விளக்கில், நிறம் மாறி மாறி மின்னுகிறது. ரேஷனில் சீமெண்ணெய் ஊற்றிய காலம் போயிற்று, சாக்கு போய் பிளாஸ்டிக் பை வந்தாயிற்று. அத்தையும் தாசண்ணனும் இல்லை. வாடை மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

போன வாரம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவள் தெருவில் காலையில் சிலர் நடந்துபோய், வீட்டுக்கு வீடு நோட்டீஸைக் கல் வைத்த பையில் போட்டு எறிந்துகொண்டே போனார்களாம். இந்த நாடு வெள்ளையருக்கு மட்டும், மற்றவர்கள் வெளியேறுங்கள் என்று அச்சடித்த நோட்டீஸ். முக்காடு இல்லை. அதில் ஒருவனை அக்காவுக்குத் தெரியும். அவனுடைய தாய்க்கு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் புண் கழுவிக் கட்டுப் போட்டவளே அக்காதான்.

"என்னயப் பாத்தான் அம்மணி. தலையக் குனிவான்னு நெனச்சேன். கை காட்டி, பேரச் சொல்லி குட் மார்னிங்னான்."

"நீ என்ன பண்ணுன?"

அக்காவுக்குப் பின்னால் ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. அங்கே அப்போது நல்ல பகல்.

"பழக்கதோஷம். நானும் சிரிச்சுட்டே கை காட்டிப்போட்டேன்" என்றாள்.