அக்காவின் கதைக்குக் கிடைத்த கை

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு வருகிறவர்களில் என் அக்காவைப் பார்த்தவர் அநேகமாக யாருமில்லை, கேட்காதவரும் யாருமில்லை. தாமதம், நடைமேடை மாற்றம், கேட்பாரற்றுக் கிடக்கும் பை, எல்லாவற்றையும் அறிவிக்கும் குரல் அவளுடையது. ஒரு கண்ணாடி அறை, இரண்டு திரை, ஒரு மைக். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா.

ரயில் வராத இடைவெளிகளில் அவள் காமிக்ஸ் கதை எழுதுவாள். படம் போட மட்டும் சுத்தமாக வராது. அவள் யானை வரைந்தால் பக்கத்தில் ‘யானை’ என்று எழுதியாக வேண்டும்.

“நாள் முழுக்கப் பேசுறவளுக்குப் படம் எதுக்குடி?” என்று மாமா கிண்டல் செய்வார். அக்காவின் கணவர்.

“பேசிப் பேசித்தான் அலுத்துப் போச்சு” என்பாள்.

படம் போட ஆள் தேடி இணையத்தில் அலைந்தாள். ‘சூப்பர்’ என்று சொன்னவர்கள் சொன்னதோடு சரி. ஒருவர், அவள் கதையில் வரும் வயதான துப்புரவுப் பெண்ணை மெல்லிய இடையோடு ஒய்யாரமாக வரைந்து அனுப்பினார். இன்னொருவர் அவளுடைய பெரிய காமிக்ஸ் நாவல் ஒன்றைப் பாதிவரை வரைந்துவிட்டு ஆளே காணோம். அவர்மேல் அக்காவுக்குக் கோபமில்லை. “தப்பு என்மேலதான்டா. பழகாத மனுஷன் தலையில மலையைத் தூக்கி வெச்சா ஓடத்தான் செய்வான்” என்றாள். அதன்பிறகு நான்கே பக்கத்தில் ஒரு கதை எழுதினாள். குரலைத் தொலைத்த ஒருவன், தொலைந்த பொருட்கள் வைக்கும் அறைக்கு வந்து அதைத் தேடுகிறான். அவ்வளவுதான் கதை.

அந்தச் சமயம் வீட்டுக்கு ஓர் அலமாரி வந்தது, துண்டு துண்டாக. மாமாவும் நானும் பலகைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பொருத்தும் முறையைக் காட்டும் தாளில் ஒரு சொல்கூடக் கிடையாது, படங்கள் மட்டும். அதில் ஒரு குண்டு மனிதன். முதல் கட்டத்தில் உற்சாகமாகக் கையைத் தேய்க்கிறான். கடைசிக்கு முந்தைய கட்டத்தில் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தேடும் திருகாணி அவன் தொடைக்கு அடியில்தான் இருக்கிறது. மனைவி அதைச் சுட்டிக்காட்டுகிறாள்.

அக்கா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “இதை யாருடா போட்டது?”

“முதல்ல கதவை மாட்டவிடுடி!” என்று மாமா கத்தினார்.

அவள் அலமாரிக் கம்பெனிக்குப் போன் போட்டாள். புகார் என்று நினைத்து ஒவ்வொரு பிரிவாகத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் ஒரு கனத்த ஆண்குரல் வந்தது. “எந்த ஸ்க்ரூ குறையுது மேடம்?”

“ஸ்க்ரூ எல்லாம் சரியா இருக்கு. அந்தக் குண்டு மனுஷனைப் பத்திப் பேசணும்.”

பேசியது அந்தப் படங்களை வரைந்தவரேதான். “இத்தனை வருஷமா வரையறேன். அவனைப் பத்தி யாரும் கேட்டதே இல்லை” என்றார்.

மரத்தூள் வாசம் அடிக்கும் கிடங்கின் பின்னால் அவருடைய அறை. அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். ஓவியர் தன் குண்டு மனிதனைப் போலவே இருந்தார்.

“நாலே பக்கம்தான். பிடிச்சா போடுங்க, பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. அட்டையில உங்க பேரும் என் பேரும் ஒரே அளவுல இருக்கணும்” என்றாள் அக்கா.

ஒரு மாதம் கழித்து, அதே அறையில், நான்கு பக்கங்களும் கையில் வந்தன. அக்கா பார்த்ததும் கொதித்தாள். “வசனத்தை எல்லாம் வழிச்சு எடுத்துட்டீங்களே! அறை எப்படி இருக்கும்னு எவ்வளவு எழுதியிருந்தேன்!”

“மூணாவது பக்கத்தைப் பாருங்க மேடம்.”

திருப்பினாள்.

பக்கம் முழுக்க ஒரே படம். கூரைவரை அடுக்குகள். குடைகள், பெட்டிகள், ஒற்றைச் செருப்புகள். அவற்றுக்கு நடுவே, காமிக்ஸில் வசனம் எழுதும் பலூன்கள், காலியாக, பொருட்களைப் போலவே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று கசங்கியிருந்தது. ஒன்று குழந்தையின் உள்ளங்கை அளவு. ஒன்றின்மேல் தூசி. கீழே அண்ணாந்து நிற்கிறான் அந்த மனிதன்.

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தொலைந்த குரல் என்று அவள் எழுதியிருந்தாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. விரலால் அந்தச் சின்ன பலூனைத் தொட்டாள். “இது யாரோட குரல்?” என்று ஓவியரிடமே கேட்டாள், தன் கதை என்பதையே மறந்து.

“தெரியலை மேடம். வரையும்போது வந்துச்சு.”

நான்காம் பக்கத்தில் அவன் பலூனைக் கண்டெடுத்து, பெரிய பெரிய எழுத்தில் கத்துகிறான். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“கத்த வேணாம். நான் பேசும்போது என்னை யாரும் பார்க்கிறதில்லை. ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை தலையும் ஒரே நேரத்துல நிமிரும். அதைத்தான் நான் தினம் பார்க்கறேன். இவன் வீட்டுக்குப் போகட்டும். உள்ள இருக்கிறவங்க முகத்தை மட்டும் காட்டுங்க.”

ஓவியர் அங்கேயே பென்சிலை எடுத்தார். சமையலறையில் முதுகு காட்டி நிற்கும் ஒரு மனைவி, தரையில் விளையாடும் மகள். அடுத்த கட்டத்தில் இருவர் தலையும் வாசல் பக்கம் திரும்புகிறது. அந்தக் கண்கள்! வெறும் கோடுகள்தான், ஆனால் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்டது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் தன் கையையே பார்த்தார். “இது எனக்கு ஏன் தோணலை?” என்றார்.

“எனக்கு மட்டும் அந்த பலூன் தோணுச்சா?” என்றாள் அக்கா.

அந்தக் கதை ஒரு சின்ன இதழில் வந்தது. இப்போது மூன்றாவது கதை ஓடுகிறது. நேற்றுக்கூடப் போனில் இருவருக்கும் சண்டை. கதையில் வரும் நாய்க்கு வசனம் வேண்டுமா, வேண்டாமா என்று.