பிளேட்டோவுக்கு உடம்பு சரியில்லை

திரும்பி வந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருக்கிறார் பிளேட்டோ. ‘ணங்’ என்று நீண்டால் வலப்பக்க அடுக்கு. ‘டொக்’ என்று அடங்கினால் இடப்பக்கம். “எங்கியோ வுழுந்து எழுந்து வந்துக்குது. கொண்டாந்தவன் சொல்ல மாட்டான். தட்டுதான் சொல்லும்” என்பார். நானூறு தட்டு என்றால் நானூறு முறை. அதுவரைக்கும் கடைக்கு வந்தவர்கள் நிற்க வேண்டியதுதான்.

வில்லியனூர் கடைத்தெருவில் அவருடைய வாடகைப் பாத்திரக் கடையைத் தெரியாதவர் கிடையாது. அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி, சாம்பார் வாளி, பந்தல், நாற்காலி எல்லாம் கிடைக்கும். எல்லாவற்றிலும் ‘பிளேட்டோ’ என்று பேர் வெட்டியிருக்கும். அதனால் வரும் தொல்லைகளும் உண்டு. ரிசப்ஷனில் தோசையைத் தின்று முடித்துச் சட்னியை வழித்தவர், அடியில் தெரிந்த எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்: “பிளேட்டுல பிளேட்டுன்னு எழுதி வெச்சிருக்கான் பாரு. அதையும் ‘டோ’ன்னு தப்பா வெட்டிட்டான்.”

கடைத்தெருவுக்கு அவர் பிளேட்டண்ணன். ரேஷன் கார்டில் பிலேட்டோ. ஆதாரில் பிளாட்டோ. வாக்காளர் அட்டையில் புளூட்டோ. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஒருவர், “இது உங்க தொழில் பேரா, உங்க பேரா?” என்று கேட்டபோது, “ரெண்டும் ஒண்ணாப் பூட்ச்சி சார், இனிமே பிரிக்க முடியாது” என்றார்.

பேர் வைத்தவர் அப்பா நடேசன். மில்லில் வேலை, சாயங்காலமானால் பகுத்தறிவுக் கூட்டம். ஒருமுறை மேடையில் பேசியவர் கிரேக்க ஞானிகள் மூவரின் பேரை அடுக்க, நடேசன் அதை பீடிக்கட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தார். வரிசையைக் குறிக்கவில்லை. மூத்தவன் பிறந்ததும் பிளேட்டோ. ஆறு வருடம் கழித்து இளையவன் பிறந்ததும் சாக்ரடீஸ். யாரோ விவரம் தெரிந்தவர், “குருவைக் கொண்டுபோய் சிஷ்யனுக்குத் தம்பியாக்கிட்டியேப்பா” என்று சொல்ல, நடேசன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது அரிஸ்டாட்டில் என்று முடிவு செய்திருந்தார். பெண் பிறந்தது. அம்மா முந்திக்கொண்டு செல்வகுமாரி என்று வைத்துவிட்டாள்.

பேரைத் தவிர அந்தக் கிரேக்கரைப் பற்றி அப்பா பிள்ளைக்குச் சொன்னது ஒரே வரி: “பெரிய ஆளுடா.” பிளேட்டோவும் அதற்குமேல் கேட்டுக்கொண்டதில்லை. கேள்வி கேட்பதெல்லாம் தம்பியின் இலாகா.

தம்பி சாக்ரடீஸ் பாகூருக்கும் வில்லியனூருக்கும் நடுவே டெம்போ ஓட்டுகிறார். ஏறுகிறவர்களை அவர் சும்மா விடுவதில்லை. “பொண்ணுக்கு இன்னும் ஏன் பாக்கல?” “பழைய வூட்டுக்கு இன்னா கொறச்சல்னு இடிச்சீங்க?” “மருமவ நல்லவன்னு சொல்றியே, நல்லவன்னா இன்னா?” ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து போகிறவர்கள் உண்டு.

அந்தத் தம்பிதான் போன தைக் கிருத்திகையன்று பாகூரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்தக் கல்யாணத்துக்குப் பாத்திரம் போனது பிளேட்டோ கடையிலிருந்து.

மறுநாள் காலை தம்பி மனைவி கல்பனா போன் செய்தாள். “மாமா, உங்க அண்டாதான் என் வூட்டுக்காரர இங்க கொண்டாந்து போட்டுக்குது. கிருத்திகைன்னு வூட்ல அடுப்புகூட மூட்டல. அந்தக் கல்யாணச் சாப்பாட்டத் தவிர ஒரு வாய் தொடல அவரு. நீங்க இந்தப் பக்கம் வராதீங்க.”

ஒரு மணி நேரத்தில் செய்தி கடைத்தெருவை அடைந்தது. எதிர்க் கடை வெற்றிலை வியாபாரி செல்லக்கண்ணு எங்கோ எப்போதோ அரைகுறையாகக் கேட்டதை வைத்து ஒரு வரலாறே செய்துவிட்டார். “தெரியுமா சேதி? அந்தக் காலத்துலியே சாக்ரடீசு விஷம் குடிச்சுத்தான் செத்தாரு. பக்கத்துல இருந்தவன் யாரு? பிளேட்டோ!”

“யோவ், முந்நூறு பேரு சாப்ட்டாங்கய்யா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல” என்றார் பிளேட்டோ.

“மத்தவன் எவனுக்கும் சாக்ரடீசுன்னு பேரு இல்லியே.”

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? கடையில் எல்லா அளவிலும் மூடி வைத்திருந்தவர், இதற்கு மட்டும் மூடி இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் இரண்டு கல்யாணக்காரர்கள் ஏம்பலத்தில் வேறு கடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர் பேசியதுகூட அவருக்குப் பெரிதில்லை. யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். அந்தக் கல்யாணத்துக்குப் போன பித்தளை ரச அண்டாவின் அடியில், நகத்தளவு இடத்தில் ஈயப் பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. புளி பட்டால் களிம்பு ஏறும் என்று தெரியாதவரா அவர்? ‘இந்த முகூர்த்தம் ஓடட்டும், தை முடிஞ்சி பூசிக்கலாம்’ என்று ஏற்றி அனுப்பிவிட்டார். இப்போது கண்ணை மூடினால் அந்த நகத்தளவு மஞ்சள்தான் தெரிந்தது.

“போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்றாள் மனைவி வள்ளிநாயகி.

“எனக்கு உடம்பு சரியில்ல.”

தங்கை செல்வகுமாரி போன் செய்தாள். அவளிடமும் உடம்பு சரியில்லை. சித்தப்பா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவரிடமும் உடம்பு சரியில்லை. நான்கு நாள் இப்படியே ஓடியது. காலையில் மூன்று தோசை தின்றுவிட்டு உடம்பு சரியில்லை என்கிறவரை வள்ளிநாயகி ஒரு பார்வை பார்த்தாள்.

ஐந்தாம் நாள் கடைக்கு அனுப்பிரியா டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவர். புதுமனை புகுவிழாவுக்குப் பாத்திரம் சொல்லியிருந்தார். இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டே பிளேட்டோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“நான் கேன்சல் பண்ண வரலண்ணா. எதிர்க் கடைக்காரர் சொல்றதக் கேட்டுச் சிரிச்சிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். சாக்ரடீசுக்கு விஷம் குடுத்தது பிளேட்டோ இல்ல.”

பிளேட்டோ எழுந்தே நின்றுவிட்டார். “பின்ன யாரும்மா?”

“அவங்க ஊர் கோர்ட்டு. ஓயாம கேள்வி கேட்டு ஊர்ப் பசங்களைக் கெடுக்கிறார்ன்னு கேஸ் போட்டாங்க.”

“கேள்வி கேட்டதுக்கா? எங்க வூட்டுதுக்கும் அதே வியாதிதாம்மா!”

“பிளேட்டோ அவரோட சிஷ்யர். சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கல. அவர் பேசினதா இன்னிக்கு உலகம் படிக்கிறதுல பெரும்பகுதி பிளேட்டோ எழுதி வெச்சதுதான்.”

ஐம்பத்து நான்கு வருடமாகச் சுமந்த பேர் முதல்முறையாக அவருக்கு லேசாக இருந்தது. வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, “அப்ப அவரு சாவும்போது பிளேட்டோதான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாராம்மா?” என்று எதிர்க் கடைக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்.

“அதுதாண்ணா வேடிக்கை. மத்த சிஷ்யருங்க நெறைய பேர் இருந்தாங்க. பிளேட்டோ மட்டும் அன்னிக்கு வரல.”

“ஏன்?”

“உடம்பு சரியில்லையாம்.”

பிளேட்டோ மெல்ல உட்கார்ந்தார்.

“இன்னா உடம்புக்கு?” குரல் உள்ளே போயிருந்தது.

“யாருக்குத் தெரியும்? அவரே எழுதி வெச்ச கதையில ஒரே ஒரு வரிதான் வருது. நெஜமாவே காய்ச்சலா, துக்கமா, பயமான்னு ரெண்டாயிரத்து நானூறு வருஷமா எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க.”

“ரெண்டாயிரத்து நானூறு வருஷமாவா?”

டீச்சர் போனபின் அவர் எதிர்க் கடையைப் பார்த்தார். நான்கு நாளுக்கே செல்லக்கண்ணு இவ்வளவு பேசுகிறான். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு யார் பதில் சொல்வது? மத்தியானம் வீட்டுக்குப் போய், “கஞ்சி காச்சிக் குடு” என்றார். வள்ளிநாயகி ஏன் என்று கேட்காமல் காய்ச்சி, தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு அவர் வார்டுக்குள் நுழைந்தபோது கல்பனா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். சாக்ரடீஸ் பக்கத்துக் கட்டில்காரரிடம், “ஆப்பரேசன் வேணும்னு டாக்டரு சொன்னா, ஏன்னு கேட்டியா நீ?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வாய் இளைக்கவில்லை.

அண்ணனைக் கண்டதும் அந்த வாயும் நின்றது. பிளேட்டோ கட்டில் ஓரமாக உட்கார்ந்து, தம்பியின் கால் பக்கம் போர்வையை இழுத்துவிட்டார்.

“டேய், ஒண்ணு சொல்லணும். அந்த ரச அண்டா இருக்குதே, அதுல ஈயம் தேஞ்சிருந்துச்சிடா. தெரிஞ்சேதான் அனுப்பினேன். நாந்தான் உன்ன…”

“அண்டாவ வுடுணா.” சாக்ரடீஸ் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இறாலு.”

“இன்னா?”

“அன்னிக்கு சாயங்காலம் பொண்ணு வூட்டு ஆளுங்கள சோரியாங்குப்பத்துல எறக்கி வுடப் போனேன். ஆத்தோரம் ஒரு தள்ளுவண்டி. இறா வறுவல். வாசனை ஆள இழுத்துச்சி. ரெண்டு பிளேட்டு சாப்ட்டேன். ரெண்டாவது பிளேட்டுலியே ஒரு மாதிரி இருந்துச்சி. காசு குடுத்தாச்சேன்னு முடிச்சிட்டேன்.”

“கிருத்திகையிலடா?”

“தைக் கிருத்திகையிலணா. எனக்காவத்தான் அவ வெரதமே இருக்கிறா. முருகன்கூட மன்னிச்சிருவாரு. கல்பனா?”

பிளேட்டோவுக்கு நெஞ்சில் கிடந்த அண்டா கீழே இறங்கிவிட்டது. கூடவே ஒரு கோபமும் வந்தது. நாலு நாள் தூக்கம் போனதற்கு, ஏம்பலத்துக்குப் போன கல்யாணங்களுக்கு. ஓங்கி ஓர் அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஊசி ஏறிய அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

கல்பனா பிளாஸ்க்குடன் வந்தாள். நெற்றியில் விபூதி, கண் கீழே கறுப்பு. மாமனைப் பார்த்தாள், தூக்குவாளியைப் பார்த்தாள்.

“இதுவும் உங்க கடைப் பாத்திரமா?”

சாக்ரடீஸ் மேலே சுழலும் மின்விசிறியை, இப்போதுதான் உலகத்தில் கண்டுபிடித்த பொருள் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவரிடம் ஒரு கேள்வியும் இல்லை.

தம்பி சொன்ன அந்த ஒரே சொல் போதும். மூன்றெழுத்து. சொன்னால் அண்டா தப்பிக்கும், கடை தப்பிக்கும், செல்லக்கண்ணு வாயடைத்துப் போவார்.

“ஆமாம்மா, கடைப் பாத்திரந்தான். மொதல்ல நான் குடிக்கிறேன், பாரு” என்றார் பிளேட்டோ. மூடியைத் திறந்தார். அந்த மூடியிலேயே கஞ்சியை விளிம்பு வரை ஊற்றினார். ஆவி பறந்தது. கல்பனாவின் முகத்துக்கு நேரே அதை உயர்த்தி வாயில் வைத்தார். சூட்டில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கடைசிச் சொட்டு இறங்கும்வரை மூடியை உதட்டிலிருந்து அவர் எடுக்கவேயில்லை.