கேட்காமல் போன கதிர்க்குருவி

அச்சகத்தில் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்டையான ஒல்லி உடம்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். பெயர் பொருந்திப்போனது, அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

வாரம் முழுக்க இரைச்சல்தான். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கைஜாடையில்தான் பேச வேண்டும். அதனாலோ என்னவோ, ஏரிக்கரையில் அவர் பறவைகளைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். பூங்காவின் கோடியில், நாணலுக்கு நடுவே ஒரு மரப்பலகைப் பாதை போகும். பருவம் தவறாமல் அங்கே வரும் கதிர்க்குருவி லேசில் கண்ணில் படாது. நாணலுக்குள் ஒளிந்துகொண்டு, உச்சக் குரலில், இழை இழையாகப் பாடும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால்தான் அவருக்கு மறுநாள் வேலை ஓடும்.

அந்த வருஷம் அது வரவில்லை. முக்குளிப்பான் வந்தது, நாரை வந்தது. நாணல் மட்டும் ஊமையாக நின்றது. வாராவாரம் வீட்டில் புலம்பித் தீர்த்தார்.

"பேசாம அந்தக் குருவியவே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்றாள் மனைவி.

பூங்காவில் நடக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரரிடமும் ஒரு நாள் சொன்னார்.

"இந்த வருஷம் அது வரலண்ணே. தண்ணி கெட்டுப்போச்சோ என்னவோ."

"எது வரல?"

"நாணல்ல பாடுமே, அந்தக் குருவி."

"இதோ பாடிக்கிட்டுதானே இருக்கு. காதைத் துளைக்குதே."

கேலி என்று நினைத்துக் கொக்கு சிரித்தார். தபால்காரர் சிரிக்கவில்லை.

காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். "மெஷின் பக்கத்துல நிக்கும்போது காதை அடைச்சுக்க மாட்டீங்களா?"

"அடைச்சா மெஷின் கோளாறு தெரியாதே டாக்டர்."

"பேச்சு கேக்க ஒரு கருவி தரேன், நல்லா உதவும். ஆனா அவ்வளவு உச்சத்துல இருக்கற சத்தம் திரும்ப வராது."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "குருவி வந்திருக்கு" என்றார். "எனக்குத்தான் கேக்கல."

மனைவிக்கு ஆஸ்பத்திரி டெலிபோனில் வேலை. நாள் பூராவும் யார் யாருடைய குரலையோ கேட்டு அலுத்தவள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குத் தூக்கம். ஏரிப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவரும் கூப்பிட்டதில்லை. அந்த ஞாயிறு அவருக்கு முன்னால் எழுந்து வாசலில் நின்றாள்.

"வாங்க. எனக்குக் காது இருக்கில்ல."

பலகைப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "கேக்குது."

"எப்படி இருக்கு?"

"எப்படின்னா… கத்துதுங்க."

"கத்துதா? சரியாச் சொல்லு."

யோசித்தாள். "ஈரக் கண்ணாடிய விரலால தேய்ச்சா வருமே, அந்த மாதிரி. ஆனா அது சந்தோஷமா இருந்தா எப்படியோ, அப்படி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அவள் அவர் கையை இழுத்து முழங்கைக்குக் கீழே விரலால் தட்டிக் காட்டினாள். படபடவென்று சில தட்டுகள், ஒரு நிறுத்தம், பிறகு மணிக்கட்டுவரை நீளமாக ஒரு கோடு. அதேதான். கண்ணை மூடிக்கொண்டார். நாக்கு நுனிவரை வந்து நிற்கும் பெயர்போல, அந்தக் குரல் பாதி வந்து நின்றது.

அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் போனார்கள். கருவி வைத்த காதில் பேச்சு விழுந்தது, வாத்துச் சத்தம் விழுந்தது. அவள் தட்டத் தட்ட, அவர் மனதுக்குள் பாட்டைத் தேடுவார். ஆனால் தேடி எடுப்பது பழைய பாட்டா, தானாக இட்டுக்கட்டியதா என்று போகப் போக அவருக்கே நிச்சயமில்லாமல் போனது.

ஒரு நாள் காலை அவள் சட்டென்று நின்றாள். அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அவள் கவனிக்கவில்லை. பாதையோரக் கைப்பிடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நாணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் தனக்கு மட்டும் என்று வைத்திருந்தது இப்போது முழுசாக அவளிடம் போய்விட்டது. தோளைத் தொட்டு உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கேட்கவில்லை. கையை மெல்ல மடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் கடைசியில், மெதுவாக.

அவள் திரும்பாமலே இல்லை என்று தலையசைத்தாள்.