லாரிக்கு அளவெடுத்த தையல்காரர்

எங்கள் மாமா வாயில் குண்டூசி இல்லாதபோதுதான் அவரோடு பேச முடியும். மாமா என்றால் என் அக்காவின் கணவர், தையல்காரர். என் முடிவெட்டும் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான் இருக்கிறது. ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவார், அதுதான் தொல்லை. முடிவெட்ட வந்த இரண்டு குண்டு மனிதர்கள் அதனாலேயே என் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

லாரி அக்காவுடையது. அவள்தான் ஓட்டுகிறாள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டிகளை ஏற்றிக் கடைகடையாக இறக்குவது அவள் வேலை. மாமாவுக்கு சைக்கிளே உருப்படியாக ஓட்ட வராது. ஆனாலும் அந்த லாரி என்றால் அவருக்கு உயிர். சீட்டுக்கு உறை தைத்தார், ஸ்டீயரிங்குக்கு உறை தைத்தார், கியர் கம்பிக்குக்கூடக் குல்லாய் மாதிரி ஒன்று தைத்து மாட்டினார். தைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஆனபோதுதான் அவர் பார்வை எஞ்சின் பக்கம் திரும்பியது.

அந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டரை ஒரு பொந்துக்குள் வைத்திருந்தார்கள். கையை விட்டால் முழங்கை மாட்டிக்கொள்ளும், கழற்றினால் சூடான ஆயில் தோள்வரை வழியும். ஒருநாள் அக்கா கையில் கொப்புளத்தோடு வந்தாள். மாமா அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. யார் யாரிடமோ விசாரித்து, ஃபில்டரை எஞ்சினிலிருந்து எடுத்து லாரியின் சட்டத்தில், நின்றபடியே எட்டும் இடத்தில் மாட்ட வழி உண்டென்று தெரிந்துகொண்டார். எஞ்சினிலிருந்து ஃபில்டருக்கு ஆயில் போக ஒரு ரப்பர் ஹோஸ், சுத்தமாகித் திரும்பி வர இன்னொன்று. அவ்வளவுதான் சங்கதி. மெக்கானிக் ஒருவர் ஃபில்டரை இடம் மாற்றிக் கொடுத்தார். ஹோஸுக்கு அளவெடுக்க மட்டும் மாமா யாரையும் விடவில்லை. அளவு நாடாவோடு லாரிக்கு அடியில் புகுந்தார்.

"கொஞ்சம் கூட விட்டு வெட்டட்டுமா?" என்று ஹோஸ் கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"அளவு விஷயத்துல எனக்கேவா?" என்றாராம் மாமா. கடைக்காரர், மாமா சொன்ன அளவுக்கே வெட்டி, முனைகளை இரும்புக் குப்பிக்குள் செருகி இறுக்கிக் கொடுத்துவிட்டார்.

ஹோஸ்கள் கச்சிதமாகப் பொருந்தின. ஒரு தொய்வு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு பானெட்டைத் திறந்து காட்டினார். என் நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு இருந்தவரையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் நுரை காய்ந்து அரிக்க அரிக்க நின்று பாராட்டிவிட்டு வந்தார்.

அப்புறம் ஒழுக ஆரம்பித்தது.

அக்கா அதை வெளியே சொல்லவில்லை. ரோட்டில் குறுக்கே வருகிறவனை வாயாலேயே ஓரங்கட்டுகிறவள் அவள். மாமாவிடம் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. தினமும் காலையில் அவர் எழுவதற்குள் ஹோஸ் நட்டை இன்னொரு சுற்று முறுக்குவாள், கந்தல் துணியால் துடைப்பாள், தரையில் மண்ணைப் போட்டு மூடுவாள். முறுக்க முறுக்க ஒழுகல் கூடியதே தவிரக் குறையவில்லை.

பிஸ்கட் தொழிற்சாலை முற்றத்தில் புதிதாக வெள்ளைத் தளம் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஆயில் சொட்டினால் சும்மா விடுவார்களா? வாட்ச்மேன் அக்காவைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு லீவும்மா. நாளன்னைக்கு காலைல உன் வண்டிக்கு அடியில அட்டை போட்டுப் பாப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் கேட்ட தாண்டி விடக்கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. வேற லாரி பேசி வெச்சிருக்காங்க."

அந்த ஒரு வேலையை நம்பித்தான் லாரி ஓடிக்கொண்டிருந்தது. அது போனால் லாரியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அக்கா வீட்டுக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தாள்.

"டேய், மாமாகிட்ட மூச்சு விடாத. ஆசை ஆசையா செஞ்சாருடா. எப்படி சொல்றது?" என்றாள்.

நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் என்பதை அவசரத்தில் இருவருமே மறந்துவிட்டோம். பக்கத்தில் தையல் மிஷின் நின்றது. மாமா வாசலில் வந்து நின்று, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்தினார்.

"ஒழுகுதா?"

"லேசாதாங்க," என்றாள் அக்கா.

மாமாவின் கண் அவள் கையிலிருந்த கந்தலுக்குப் போனது. "இது என் கோடு போட்ட சட்டை இல்ல?"

"பழசுங்க."

"பழசில்ல. காணாம போனது," என்றார் மாமா. லாரியை நோக்கி நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் மூன்று பேரும் லாரியிடம் கூடினோம். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஹோஸ்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்தோம். "உன் பவுடர் டப்பாவ எடுத்துட்டு வா," என்றாள் அக்கா. பிடரி முடியைத் தட்டிவிடும் பிரஷ்ஷால் இரண்டு ஹோஸுக்கும் நுனிமுதல் நுனிவரை பவுடர் பூசினேன். என் கடையிலேயே வாசனையானது அதுதான். வாடிக்கையாளருக்கே அளந்துதான் போடுவேன்.

அக்கா எஞ்சினை ஓடவிட்டாள். வெள்ளையில் கறுப்பாக ஈரம் எட்டிப் பார்த்தது. நான்கு முனைகளிலும், ஹோஸின் ரப்பர் அந்த இரும்புக் குப்பிக்குள் நுழையும் இடத்தில்.

"எல்லாம் அந்த ஹோஸ் கடைக்காரன் வேலை. நேரா போயி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்," என்று நான் சட்டைக் கையை மடித்தேன்.

மாமா என்னைக் கண்டுகொள்ளவில்லை. குந்தி உட்கார்ந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் முறுக்கு," என்று அக்காவிடம் சொன்னார். அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். எஞ்சின் ஒருபக்கம் சாய்ந்து குலுங்கியது. சட்டத்தில் இருந்த ஃபில்டர் அசையவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ஹோஸ்கள் விறைத்துப் போய் வெடுக் வெடுக்கென்று இழுபட்டன.

"நிறுத்து, நிறுத்து! ஐயோ, நின்ன எஞ்சினுக்கு அளவெடுத்துட்டேனே!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் கடைக்கு வருகிறவர்கள் நாடாவைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். மாமா உடனே அளக்கமாட்டார். ஏதாவது கதை பேசி, ஆள் சிரித்து மூச்சு விட்ட பிறகுதான் நாடா இடுப்பைச் சுற்றும். அதற்குமேலும் தையலுக்குள் இரண்டு விரல் துணி விடுவார். ஊருக்கெல்லாம் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தைத்தவர், எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் அளவெடுத்து, ஒரு விரல்கூட விடாமல் வெட்டச் சொல்லிவிட்டார்.

"அவரு கேட்டாரு மச்சான். கூட விடட்டுமான்னு கேட்டாரு," என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா லாரியிலிருந்து குதித்தாள். "நீங்க உக்காந்துட்டா ஹோஸ் நீளமாயிடுமா? எந்திரிங்க!"

பூட்டிக் கிடந்த வாய் திறந்ததும் மாமா எழுந்துவிட்டார்.

ஹோஸ் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர் பட்டபாடு தெரிந்தது. "அளவு சொல்லுங்க," என்றார்.

"நீங்களே பாத்து விடுங்க. தாராளமா விடுங்க," என்றார் மாமா. கேள்வி கேட்கப் போன நான் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

பழைய ஹோஸ்களைக் கழற்றும்போது மிச்சமிருந்த ஆயில் என் தலையில்தான் கொட்டியது. போகும் ஹோஸ் எது, வரும் ஹோஸ் எது என்று குழம்பாமலிருக்க மாமா ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் நீல நூலும் கட்டினார். இந்த முறை ஹோஸ்கள் அழகாக வளைந்து தொங்கின. சட்டத்தில் உரசும் இடத்துக்குப் பழைய தோல்பையை வெட்டி உறை தைத்து மாட்டினார். அதில்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. குறைந்திருந்த அளவுக்கு ஆயில் ஊற்றி, மறுபடி பவுடர் பூசி, எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் ஆடியது, ஹோஸும் கூடவே ஆடியது. ஈரம் இல்லை. ஆனாலும் மாமா நம்பவில்லை. "ரோட்டுல ஓடி வரட்டும். அப்புறம் பேசலாம்," என்றார்.

மறுநாள் காலையில் கடைகளைப் பூட்டிவிட்டு நாங்களும் லாரியில் ஏறிக்கொண்டோம். தொழிற்சாலை கேட்டில் நானும் மாமாவும் இறங்கிக்கொண்டோம். வாட்ச்மேன் லாரிக்கு அடியில் பெரிய அட்டையைத் தள்ளினார். "எஞ்சின் ஓடட்டும்," என்றார். லாரி நின்ற இடத்தில் குலுங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

வாட்ச்மேன் ஆற அமர அட்டையை இழுத்தார். கண்ணருகே தூக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"என்னம்மா இது, வெள்ளையா கொட்டியிருக்கு?" என்று மோந்து பார்த்தார். "வண்டிக்குப் பவுடர் போட்டா கூட்டிட்டு வந்தீங்க?"

"பெரிய இடத்துக்கு வரோம்ல அண்ணே," என்றேன் நான்.

அவர் சிரித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். மாமா அப்போதுதான் மூச்சு விட்டார். மேலே பார்த்தால், ரோட்டையே மிரட்டுகிற என் அக்கா அழுதுகொண்டிருந்தாள். கைக்குக் கிடைத்த கந்தலை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அது அந்தக் கோடு போட்ட சட்டை. அன்று அந்த முற்றத்தில் ஆயில் ஒட்டியிருந்தது அக்காவின் கன்னத்தில் மட்டும்தான். மாமா ஏறிப்போய் அதைத் தன் புதுச் சட்டை முனையால் துடைத்துவிட்டார்.